அயலூர்த் தெருவும் நம்மூர்த் தெருவும்

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் மனத்தில் பதிய வைக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும்' என்பது. காவிரியைக் காட்டிய பிறகே நைல் நதிக்குப் போக வேண்டும். மலைக்கோட்டையைக் காட்டிய பிறகே இமயத்தைப் பற்றிப் பேச வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்விதியை மீறாது பாடம் நடத்தி, தலைமை ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்குவதற்காகச் சிங்கப்பூர் சென்று திரும்பினேன். திரும்பியதிலிருந்து இவ்விதியைத் தலைகீழாகவும் நிறுத்தலாம் என்று கருதுகிறேன். தெரியாத ஊரின் தெருக்களில் நடந்து பழகிய கண்களோடு வந்த பிறகுதான், பிறந்தது முதல் நடந்த திருச்சிராப்பள்ளித் தெருக்களும் ஸ்ரீரங்கத்து வீதிகளும் எனக்குத் தெரியத் தொடங்கின. அதைப் பற்றியே இன்று நேயர்களிடம் பேச விரும்புகிறேன்.

சிங்கப்பூரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவராவது அங்கே போயிருப்பார். உண்மைதான். ஆனால் போய் வந்தவர்கள் சொல்வதெல்லாம் வானளாவிய கட்டடங்களைப் பற்றியும் விளக்கொளியைப் பற்றியுமே இருக்கும். நானோ அவற்றை முதல் வாரத்திலேயே பார்த்து முடித்துவிட்டேன். மகளும் மருமகனும் அலுவலகம் சென்றபின் வீட்டில் தனியே இருக்க இயலாமல், காலையிலும் மாலையிலும் கால் போன போக்கில் நடந்தேன். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிடுவது, பெயர் பெற்ற இடங்களைத் தேடிப் போகாமல் இருப்பது என இரண்டு கட்டுப்பாடுகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

முதியவர்கள் தரையைப் பார்த்தே நடப்பார்கள். விழுந்துவிடக் கூடாதே என்னும் அச்சம். ஆதலால் என் ஆராய்ச்சியும் தரையிலிருந்தே தொடங்கிற்று. சாலையைக் கடக்கும் இடங்களில், நடைபாதையின் விளிம்பில், குமிழ் குமிழாகப் புடைத்த கற்கள் பதித்திருந்தார்கள். வேறு சில இடங்களில் குமிழுக்குப் பதிலாக நீண்ட கோடுகள். வழுக்காமல் இருப்பதற்காக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். நான்காம் நாள், வெள்ளைக் கோலூன்றிய பார்வையற்ற ஒருவர் அக்கோடுகளின்மேல் நேராக நடந்து வந்து, குமிழ்கள் தொடங்கிய இடத்தில் காலால் உணர்ந்து நின்றதைக் கண்டேன். கோடு என்றால் செல்லலாம். குமிழ் என்றால் நில். காலால் படிக்கும் நெடுங்கணக்கு அது! இதை உருவாக்கியவர் செயீச்சி மியாக்கே என்னும் ஜப்பானியர். 1967இல் ஜப்பானின் ஒக்காயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். பிறகுதான் நினைவு வந்தது: நம் பெரிய இரயில் நிலையங்களின் நடைமேடைகளில் விளிம்பையொட்டி மஞ்சள் நிறத்தில் ஓடுவதும் இதே எழுத்துத்தான். அதன்மேல் பெட்டியை வைத்து உட்கார்ந்து நான் எத்தனையோ முறை இரயிலுக்குக் காத்திருந்திருக்கிறேன்.

அதே சாலைக் கடப்பில் மற்றொன்றும் கண்டேன். சீன மூதாட்டி ஒருவர் கம்பத்திலிருந்த ஒரு பெட்டியின்மேல் தம் அட்டையைத் தொட்டு எடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது; அவர் மெல்ல நடந்தார்; அவர் பின்னால் நானும் நடந்தேன். நாங்கள் அக்கரை சேரும்வரை விளக்கு அணையவில்லை. மகளிடம் கேட்டேன். முதியோரும் உடற்குறை உடையோரும் தம் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு மூன்று வினாடி முதல் பதின்மூன்று வினாடி வரை கூடுதலாக எரியுமாம். 2009இல் தொடங்கிய ஏற்பாடாம். அவ்வூர்க்காரன் அல்லாத எனக்கு அட்டை ஏது? அதன்பின் ஒவ்வொரு நாளும் யாரேனும் ஒரு பாட்டியாருக்காகக் காத்திருந்து அவர் நிழலில் கடப்பது என் வழக்கமாயிற்று.

எல்லாமே வியப்பாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். சில, பார்த்தவுடன் உறவு கொண்டாடின. உணவு அங்காடிக் கூடங்களில் நண்பகலில் இடம் கிடைப்பது அரிது. காலியாயிருந்த மேசை ஒன்றில் அமரப் போனேன். மருமகன் தடுத்தார். மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று கிடந்தது. யாரோ இடம் பிடித்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார் என்பது அதன் பொருள். "எங்கள் ஊரில் பேருந்தின் சன்னல் வழியாகத் துண்டு போடுவோம், மாப்பிள்ளை" என்றேன். இதற்கு விளக்கவுரை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

நான் மிகுதியாக நடந்தது சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில். அங்கே பழைய கடை வீடுகள் உண்டு; கீழே கடை, மேலே குடியிருப்பு. ஒவ்வொரு கடையின் முன்னும் தூண்களும் கூரையும் உள்ள தாழ்வாரம். ஒரு கடையின் தாழ்வாரம் அடுத்த கடையின் தாழ்வாரத்தோடு சேர்ந்து, தெரு முழுவதற்கும் நிழல் தரும் நடைபாதையாகிவிடுகிறது. மழை கொட்டும் போதும் குடையின்றிக் கோடி வரை போகலாம். மலாய் மொழியில் இதற்குக் 'காக்கி லீமா' என்று பெயர்; காக்கி என்றால் அடி, லீமா என்றால் ஐந்து. அங்குள்ள பழைய தமிழர்கள் 'அஞ்சடி' என்பார்கள். 1822இல் அந்நகருக்குத் திட்டம் வகுத்தபோதே, ஒவ்வொரு வீட்டின் முன்னும் இத்தகைய தாழ்வாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று ராஃபிள்ஸ் விதித்திருந்தார். சொந்த நிலத்தில், சொந்தச் செலவில் கட்டியது. ஆனால் நடப்பதற்கு ஊரார் அனைவருக்கும் உரிமை! சும்மா இருப்பார்களா கடைக்காரர்கள்? மூட்டையையும் பெட்டியையும் அதில் அடுக்கினார்கள். 1888இல் நகராட்சி அவற்றை அகற்ற முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டுக் கலகமே மூண்டது. 'தாழ்வாரக் கலகம்' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். இன்றும் சில இடங்களில் அஞ்சடியில் மூன்றடி காய்கறிக் கூடைகளுக்கும் இரண்டடி நமக்குமாகத்தான் இருக்கிறது. நம் காந்தி மார்க்கெட்டுப் பக்கம் நடந்தவர்களுக்கு அதில் நடப்பது கடினமன்று.

அஞ்சடியில் நடக்கும்போதெல்லாம் என் மனம் ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளுக்குப் போய்விடும். நம் முன்னோர்களும் வீட்டு நிலத்தில் ஒரு பகுதியை வழிப்போக்கனுக்காக விட்டார்கள். அவர்களை யாரும் சட்டம் போட்டு விடச் சொல்லவில்லை. அங்கே அரசாணையாக இருந்தது இங்கே வழக்கமாக இருந்தது. அரசாணை பிழைத்தது; வழக்கம் பிழைக்கவில்லை. ஊர் திரும்பிய பின் ஒரு காலை உத்தர வீதிகள் நான்கையும் சுற்றி வந்தேன். எஞ்சியிருந்த திண்ணைகளில் பலவற்றுக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். சில திண்ணைகள் இருசக்கர வண்டிகளுக்காக வெட்டிச் சரிவாக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு வீட்டில் பழைய கருங்கல் பலகை அப்படியே இருந்தது. அதன்மேல் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் தேய்ந்து கிடந்தன. எத்தனை தைத்தேர் அவ்வழியே உருண்டு போவதைப் பார்த்த கல்லோ அது! அவ்வீட்டை நான் ஆயிரம் முறை கடந்திருப்பேன். அக்கோடுகளைக் கண்டது அன்றுதான்.

தெருப்பெயர்களுக்கு வருகிறேன். சிராங்கூன் சாலையருகே எருமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் பஃபலோ ரோடு என்று ஒரு தெரு உண்டு. சற்றுத் தள்ளிக் கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றாலும் மலாயில் எருமைதான்! ஒரு காலத்தில் அங்கே மாட்டு வாணிகம் நடந்தது. மாடுகள் போய்விட்டன, இரு மொழிகளிலும் பெயர் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கிறது. அருகிலேயே ரேஸ் கோர்ஸ் ரோடு. அங்கே குதிரைப் பந்தயம் நின்று, பந்தயத் திடல் வேறிடத்துக்குப் போனது 1933இல். தெலுக் ஆயர் தெருவோ இவற்றையெல்லாம் விஞ்சிவிட்டது. நாகூர் ஆண்டவர் பெயரால் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய தர்கா அங்கே இருக்கிறது. கட்டியது 1828க்கும் 1830க்கும் இடையில். அதே வரிசையில் கடல் தெய்வத்துக்குச் சீனர் எடுத்த கோவில். இரண்டும் ஏன் இந்தத் தெருவில் வரிசையாக நிற்கின்றன? தெலுக் என்றால் விரிகுடா. ஆயர் என்றால் நீர். அத்தெருவே அன்று கடற்கரை. கப்பலை விட்டு இறங்கியவன் முதலில் கால் வைத்த இடத்திலேயே தன் தெய்வத்துக்கு நன்றி சொன்னான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். இன்று தர்காவின் வாயிலில் நின்று பார்த்தால் கடல் எங்கோ இருக்கிறது. எதிரே உயர்ந்த கட்டடங்களே தெரிகின்றன.

இதைக் கண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தூர்க்கப்பட்ட நீர், அதன்மேல் ஒரு சாலை. இதை நான் எங்கேயோ அறிவேன் என்று மனம் குடைந்தது. விடியற்காலையில் விடை கிடைத்தது. நம் திருச்சியின் மேலப்புலிவார்டு ரோடு! நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவர் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது; அகழி தூர்க்கப்பட்டது; அவ்விடத்தில் சாலை வந்தது. அதனால்தான் தெப்பக்குளத்தருகே மெயின்கார்டு கேட்டு என்னும் வாயில், இருபுறமும் சுவரே இல்லாமல், காவல் காக்க ஏதுமின்றித் தனியே நிற்கிறது. சாலைக்கு வந்த பெயரையும் பாருங்கள். சிறுவனாயிருந்தபோது, புலிக்கும் அச்சாலைக்கும் என்ன தொடர்பு என்று தந்தையாரைக் கேட்டிருக்கிறேன். புலி நடமாடிய காடாக இருந்ததாக அவர் சொன்னார். புலியுமில்லை, காடுமில்லை. பூல்வார் என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்து நம் நாவில் புலிவார்டு ஆயிற்று. அப்பிரெஞ்சுச் சொல்லோ, கோட்டை அரணைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஐரோப்பிய நகரங்களில் அரணை இடித்த இடத்தில் போட்ட அகன்ற சாலைக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. ஆக, நம் புலிவார்டு தன் பெயரைப் பொருள் வழுவாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. அச்சாலையில் எத்தனையோ ஆண்டு பேருந்தில் போன வரலாற்று ஆசிரியன் நான். மாணவர்களை ஒரு நாள் அழைத்துச் சென்று காட்டியதில்லை.

இனி, எனக்குச் சற்றுத் தயக்கம் தரும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பகுதியில் நம்மவர் கூட்டம் நிரம்பியிருக்கும். கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் வந்த தொழிலாளர்கள், வார விடுமுறையில் நண்பர்களைக் காணவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வருவார்கள். அத்தகைய ஒரு மாலையில், புல்வெளியில் அமர்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "சார், வணக்கம்" என்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லி, "பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, சார்" என்றார். அப்போதும் நினைவு வரவில்லை. நினைவு வந்ததுபோல் தலையசைத்தேன். ஆசிரியர்கள் செய்யும் சிறு பொய்களில் அது ஒன்று.

நான் நடக்கப் புறப்பட்டவன் என்று அறிந்து அவரும் உடன் நடந்தார். பத்து நிமிடத்திற்குள் ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது மாறிவிட்டது. "இந்த நடைபாதையின் சாய்வைப் பாருங்கள் சார், கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தெரியும்" என்றார். வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் போக்குக்குக் குறுக்காக அமைந்திருப்பது மிதிவண்டிச் சக்கரம் சிக்காமலிருப்பதற்காக என்றார். எந்த மூடி ஆடும், எந்த மூடி ஆடாது என்பதைக் காலடி ஓசையைக் கொண்டே சொன்னார். வடிகால் வேலையில் அவருக்குப் பதினொரு ஆண்டு அனுபவமாம். "புது ரோடு போடுமுன் இங்கே பழையதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள் சார், அதனால் ரோடு உயராது, வீடு தாழாது" என்று சொல்லி நிறுத்தியவர், சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார்: "'எங்கள் தெரு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா சார்?"

அது நினைவிருந்தது. ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்பு அது. தமிழாசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்பு என் தலையில் விழும். நாற்பது மாணவர்களும் 'எங்கள் தெரு அழகான தெரு' என்று தொடங்குவார்கள். நாற்பது பேருக்கும் பத்துக்கு ஆறு போடுவேன். அவர் மட்டும் வேறு விதமாக எழுதினாராம். தெருவில் புதிய சாலை போட்ட பிறகு மழைநீர் தம் வீட்டுக்குள் வருவதையும், எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டினால் அது வடியும் என்பதையும் படம் வரைந்து எழுதியிருந்தாராம். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, 'தலைப்பை விட்டு விலகியது' என்று குறித்து, மூன்று மதிப்பெண் கொடுத்தேனாம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பழைய வேடிக்கை ஒன்றை இருவரும் சேர்ந்து நினைத்துச் சிரிப்பதற்காகவே சொன்னார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிரியும்போது, "நகரம் முழுவதும் உமக்குப் பாடமாயிருக்குமே" என்றேன். "இல்லை சார். விடுதி ஊருக்கு வெளியே. விடியற்காலையில் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போவோம். கடந்து போன தெருதான் கண்ணுக்குத் தெரியும்; வருகிற தெரு தெரியாது. நடந்து பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்றார். பிறகு, தம் தாயாருக்கென்று கோடாலித் தைலம் நான்கு புட்டி வாங்கி என்னிடம் கொடுத்தார்.

திரும்பியவுடன் நான் செய்த வேலை படிகளை எண்ணுவது. சித்திரை வீதியிலும் அடையவளஞ்சான் வீதியிலும் பழைய வீடுகளுக்குத் தெருவிலிருந்து எத்தனை படி என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். ஏறிப் போகவேண்டிய வீடுகள் பலவற்றுக்கு இப்போது ஒரு படிதான். சிலவற்றுக்கு அதுவுமில்லை. சில வீட்டு வாசலில், புதைந்த படியின் மேல்விளிம்பு மட்டும் சாலையோடு சமமாகத் தெரிகிறது. பழைய சாலைமேல் புதிய சாலையாக அடுக்கிக்கொண்டே போனதன் விளைவு இது. மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு 2021இல் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு தெருவிலும் அது நடக்கிறதா என்று பார்ப்பதற்குப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. தம் வீட்டுப் படியை எண்ணத் தெரிந்தால் போதும்.

அடுத்த வாரம் பேருந்தேறி அவருடைய ஊருக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாலையிலிருந்து ஒரு முழம் தாழ்ந்திருந்த வரிசையில், மகன் அனுப்பிய பணத்தால் தரை உயர்த்தி, அதனால் நிலைப்படி குள்ளமாகிப்போன வீடு அது ஒன்றுதான். குனிந்தே நுழைந்தேன். அந்த அம்மையார் தைலப் புட்டிகளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மகனின் சம்பளத்தைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ கேட்கவில்லை. அதெல்லாம் அவன் தொலைபேசியில் சொல்லிவிடுகிறான் போலும். "வாத்தியாரய்யா, அவன் நடந்து போற தெரு எப்படியிருக்கும்?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் நான் நடந்தது வீண் போகவில்லை. குமிழ்க் கற்களைப் பற்றியும் அஞ்சடியைப் பற்றியும் பாட்டிமாருக்காகக் காத்திருக்கும் பச்சை விளக்கைப் பற்றியும் சொன்னேன். அவர் மகன் போட்ட வடிகால் மூடி ஆடாது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வழியிலே நிழல் உண்டா?" என்றார்.

1963இல் தொடங்கி அந்நாட்டார் சாலையோரங்களில் மரம் நட்டு வருகிறார்கள். அவற்றுள் மிகுதியாய்க் குடை விரித்து நிற்பது, அந்தியில் இலை மூடும் தூங்குமூஞ்சி மரம். அதைச் சொன்னேன். அந்த அம்மையார் எழுந்து, வாசல் வரை வந்து, பேருந்து நிறுத்தத்தின் மேல் கவிந்திருந்த மரத்தைச் சுட்டிக் காட்டி, "இதுதானே?" என்று கேட்டார். அதன் நிழலில்தான் சற்று முன்னர் நான் பேருந்தை விட்டு இறங்கியிருந்தேன்.